கீழே விழுந்த முடி

குழந்தை உயிரோடு இருக்கிறாள். இப்போது தத்தித் தத்தி நடக்கவும் செய்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள், உங்களைப் பயமுறுத்திவிட்டுக் கதை சொல்ல எனக்கு மனம் வராது. ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்வதற்கில்லை. ஆனது என்னவோ அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பிள்ளையைப் பெற்றவளுக்கு முழங்கால் தொடும் முடி. ஆயத்த ஆடை தயாரிக்கும் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. தைத்து முடித்த சட்டையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, தையலோரம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். அவள் கையைத் தாண்டி ஒரு பிசிறு போனதில்லை. அதனால் கம்பெனியில் அவளுக்குப் பெயர் 'கழுகு'. புருஷனும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டான். நல்ல மூடில் இருந்தால் கழுகம்மா. அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் வயிற்றுக்குள் இறங்கி எண்ணெயும் கிரீஸுமாக ஏறி வருகிறவன்.

கல்யாணத்துக்கு முன்னால் விடுமுறை நாள் என்றால் அது அவள் தலைமுடிக்கு. ஊறவைத்து, அலசி, காயவைத்து, சிக்கெடுத்துப் பின்னி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிள்ளை பிறந்த பிறகு அந்த நாள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. படுத்துக்கொண்டே பால் கொடுத்தால் முடி அவள் முதுகுக்கடியிலேயே மாட்டிக்கொண்டு தலையைத் திருப்ப விடாது. பிள்ளை ஒரு கொத்தைப் பிடித்தால் விரல் விரலாகப் பிரித்துத்தான் விடுவிக்க வேண்டும். கக்கிய பால் முடியில் காய்ந்து புளிப்பு வாடை அடிக்கும். பிடரியில் சிக்கு அடை மாதிரி உறைந்து கிடக்கும். நாலாவது மாதம் முடி கொட்டத் தொடங்கியது. சும்மா இல்லை, கொத்துக் கொத்தாக. தலையணையில், சோப்பில், குளியலறை வடிகால் ஜாலியில், சாப்பாட்டில். அவள் புருஷன் ஒருநாள் வாயிலிருந்து ஒன்றை இழுத்து, நீட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஒண்ணரை முழம்" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போய்க் கண்ணாடி முன்னால் கத்தரியோடு நின்றாள்.

வெட்டவில்லை. காரணம் நாத்தனார்.

புருஷனுக்கு அக்கா அவள். கல்யாணம் ஆகாதவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்கள் முகத்துக்குத் தோதான பிரேமை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு பெரிய வியாதி வந்து, மருந்து உடம்பைக் காப்பாற்றி முடியை எடுத்துக்கொண்டது. வியாதி போய் மூன்று வருடம் ஆகியும் முடி திரும்பவில்லை. அங்கங்கே பூனைமயிர் மாதிரி நாலு இழை. கடைக்காரர் அவளைப் பின்னறைக்கு மாற்றினார். "வர்றவங்க கண்ணாடியில தங்களைப் பார்க்கணும், உன்னைப் பார்க்கக் கூடாதும்மா" என்று வேறு சொன்னாராம். அன்றைக்கே வேலையை உதறிவிட்டுத் தலையில் கட்டிய துணியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள்தான்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. பெற்ற தாய் இல்லாத தம்பி மனைவியின் பிரசவத்தை ஒற்றை ஆளாக நின்று பார்த்தாள். வெந்நீர் வைப்பது, துணி அலசுவது, பிள்ளையை ஏந்துவது எல்லாம் அவள்தான். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். கீழே கொட்டுகிற முடி குப்பைக்குத்தானே போகிறது, அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று.

அந்த முடியில் தனக்கு ஒரு விக் கட்டிக்கொள்ள. ஒப்பனைக்காரி ஒருத்தியிடம் கற்றுக்கொண்ட வேலை அது. தலை அளவுக்கு ஒரு மெல்லிய வலைத்தொப்பி. அதைக் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு முடியாக எடுத்து, நடுவில் மடித்து, கொக்கி ஊசியால் வலைக்கண்ணில் நுழைத்து, ஒரு சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு மணிநேரம் குனிந்து உட்கார்ந்தால் கட்டைவிரல் அகலம் நிறையும். படுக்கையறை ஜன்னலோரம்தான் வெளிச்சம். கட்டிலில் ஒரு பக்கம் பிள்ளை தூங்க, நடுவில் துவைத்த குழந்தைத் துணிக்கூடை இருக்க, மறுபக்கம் நாத்தனார் தொப்பியோடு உட்கார்ந்திருப்பாள்.

"அண்ணி, கழுத்தோட வெட்டி மொத்தமா தந்துடறேன். எனக்கும் பாரம் குறையும், உங்களுக்கும் ஒரே நாள்ல முடி கிடைக்கும்" என்று இவள் ஒருமுறை சொன்னாள்.

நாத்தனார் ஊசியை நிறுத்தவில்லை. "உன் தலையைக் கொள்ளையடிச்சு என் தலையை மூடிக்கணுமா? கீழ விழுறது போதும்மா எனக்கு."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பிச்சை வேண்டாம், குப்பை போதும் என்கிற ரோஷம் அது. அந்த ரோஷத்துக்குள் ஒரு கணக்கும் இருந்தது. இவள் முடியை வெட்டிவிட்டால் அப்புறம் கீழே விழுவதும் குட்டையாகத்தானே விழும்? தொப்பி பாதியில் நின்றுவிடும். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. இவளும் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

ஒரு குளிர்நாள் காலை. தலைக்கு ஊற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நாத்தனாரே சொன்னாள்: "போய் ஊத்திக்கிட்டு வா. பக்கத்துல வந்தா பால்காரன் கேன் மாதிரி நாறுற. பாப்பாவை நான் பார்த்துக்கறேன்."

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளைக்குச் சாக்ஸ் மாட்டுவது எப்போதும் தாய்தான். கம்பெனிப் பழக்கம். ஒவ்வொரு சாக்ஸையும் உள்புறமாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் மாட்டுவாள். நாத்தனார்கூடக் கேலி செய்வாள், இங்கே எந்த சூப்பர்வைசர் வரப்போகிறாரென்று. அன்றைக்குத் தாய் குளியலறைக்குள் போனாள். பிள்ளைக்குத் துணி மாற்றிச் சாக்ஸ் போட்டுவிட்டது நாத்தனார்.

வெந்நீர் தலையில் விழுந்ததும் இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சுகம். ஜாலியில் அடைத்த முடியைக் காலால் ஒதுக்கிவிட்டு மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டாள். அப்போது பிள்ளை வீறிட்டது கேட்டது. பசிக்கு அழுவது ஒரு மாதிரி, தூக்கத்துக்கு அழுவது ஒரு மாதிரி. இது இரண்டிலும் சேராத ஒரு அழுகை. கை குவளையோடு நின்றது. பிறகு நாத்தனார் தாலாட்டுகிற குரல் கேட்டது. இன்னும் ஒரு குவளை என்று நினைத்தாள். ஊற்றிக்கொண்டாள். அப்புறம் இன்னும் ஒன்று.

அந்த இரண்டு குவளை வெந்நீரைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

வெளியே வந்தபோது பிள்ளை முகம் சிவந்து தேம்பிக்கொண்டிருந்தாள். தூக்கக் கை நீட்டியவளை நாத்தனார் தடுத்தாள். தலை சொட்டுகிறது, பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும், முதலில் காயவைத்துக்கொண்டு வா என்றாள். அந்த முடி காய இரண்டு மணிநேரம். ஜன்னலோரம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இவள் உட்கார்ந்திருக்க, பிள்ளை நாத்தனார் தோளில் கிடந்து அழுதது. பிறகு மடியில் போட்டுப் பால் கொடுத்தால் குடிக்கவில்லை. இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுக் காலை உதைத்துக்கொண்டு அழுதது. வயிற்றுவலி என்றாள் நாத்தனார். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், வயிற்றைத் தடவினார்கள். பிள்ளைக்கு உள்ளங்கை சில்லென்று இருக்கிறது, சாக்ஸைக் கழற்றாதே என்று வேறு சொல்லி வைத்தாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும் தெருமுனை கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பெரியவர். வயிற்றை அமுக்கினார், காதுக்குள் விளக்கடித்தார், தொண்டையைப் பார்த்தார். துணியெல்லாம் கழற்றட்டுமா என்று இவள் கேட்டாள். குளிருகிறது, பாவம், இருக்கட்டும் என்றார். வாயு என்று சொல்லிச் சொட்டுமருந்து எழுதினார். எல்லாரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். குளிரும் என்று நினைத்தார்கள், சளி பிடிக்கும் என்று நினைத்தார்கள். அந்தச் சாக்ஸை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ராத்திரி முழுக்க மாறி மாறித் தோளில் போட்டு நடந்தார்கள். விடிகிற நேரத்தில் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது.

புருஷன் வேலைக்குப் போன பிறகு, உடம்பு துடைத்துவிடலாம் என்று இவள் சாக்ஸைக் கழற்றினாள். வலது கால் சரியாக இருந்தது. இடது காலில், நடுவிரல் பழுத்த கறுப்புத் திராட்சை மாதிரி உப்பியிருந்தது. அதன் அடியில், நகத்தால் கீறினாற்போல ஒரு கோடு.

ஒரு நொடிகூட அவளுக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. சட்டைக் கையில் நூல் இறுகினால் துணி இப்படித்தான் சுருங்கி உப்பும். பிசிறு. கத்தரியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். ஆனால் வீங்கிய சதை அந்த இழையை முழுங்கிவிட்டிருந்தது, நுனி அகப்படவில்லை. பின்னால் நின்றிருந்த நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இவள்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்துத் தூக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, தெருவில் ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். புருஷனுக்குப் போன் போகவில்லை. ஏதோ ஒரு கட்டடத்தின் குழிக்குள் இருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா. பார்த்ததுமே முகம் மாறியது. விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடியை இழுத்து வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கொக்கியால் அந்தக் கோட்டுக்குள் தேடினாள். நாத்தனார் பிள்ளையின் தோளைப் பிடித்திருந்தாள், தாய் காலைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டு முடி அறுந்து வந்தது.

"எடுத்தாச்சு. இனி ரத்தம் ஓடும்" என்று டாக்டரம்மா கையுறையைக் கழற்றப் போனாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் தாய்.

"அதெல்லாம் இல்லம்மா. வீக்கம் வடிஞ்சா பள்ளம் மறையும்."

"பள்ளம் ஒரு பக்கம்தான் தளர்ந்திருக்கு. மறுபக்கம் இறுக்கம் அப்படியே இருக்குதுங்க. பாருங்க."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வயதில் எனக்கும் வந்திருக்கும். "நீங்க என்ன டாக்டரா?"

"இல்லைங்க. பிசிறு வெட்டுறவ."

என்ன நினைத்தாளோ, டாக்டரம்மா மறுபடி குனிந்தாள். ரொம்ப நேரம். நெற்றி வேர்வையை நர்ஸ் துடைத்துவிட வேண்டியிருந்தது. கடைசியில் எலும்பையொட்டி இன்னொரு சுற்றை அறுத்து எடுத்துப் பஞ்சுத்துணியில் வைத்தாள். இந்த முறை தாயின் முகத்தைப் பார்த்தாள், தாய் காலைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

விரல் தங்குமா என்று கேட்டதற்கு, முழுசாக ஒரு பகல் ஒரு ராத்திரி இறுகியிருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது, ஒரு வாரம் போகட்டும் என்றாள். பிள்ளை பெற்றவர்களுக்கு முடி கொட்டுவது சகஜம், சாக்ஸுக்குள்ளே, கையுறைக்குள்ளே இப்படிச் சுற்றிக்கொள்வது நடக்கிறதுதான், யார்மேலும் தப்பில்லை என்றும் சொன்னாள். நல்ல பெண்.

டாக்டரம்மா நகர்ந்ததும் தாய் அந்தப் பஞ்சுத்துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். தலையிலிருந்து தானாக விழுந்த முடி எதிலாவது சுற்றிக்கொள்ளும், சிக்கிக்கொள்ளும். சுருக்குப் போட்டுக்கொள்ளாது. இதில் இரண்டு முடி ஒன்றாகச் சேர்த்து நடுவில் மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பில், டாக்டரம்மாவின் கத்தி படாத இடத்தில், கடுகுக்கும் சின்னதாக ஒரு முடிச்சு. வலைக்கண்ணில் இறுகாமல் நழுவி, பக்கத்துத் துணிக்கூடையில் சாக்ஸுக்குள் விழுந்த சுருக்கு. அதற்குள் ஒரு பிஞ்சு விரல் நுழைந்திருக்கிறது. பிள்ளை உதைக்க உதைக்க அது இறுகியிருக்கிறது.

துணியை மடித்து உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் தகவல் கிடைத்துப் புருஷன் வந்தான். கை நிறைய கிரீஸ், பிள்ளையைத் தொட முடியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நர்ஸ் நடந்ததைச் சொன்னாள். அவன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். "யார் முடி?"

பதில் நாத்தனாரிடமிருந்து வந்தது. தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டே, "வேற யார் தலையிலடா முடி இருக்கு நம்ம வீட்ல? என் தலையிலயா?" என்றாள்.

பயத்தில் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, அந்த நொடியில் அவளுக்கே தெரிந்திருக்காது. புருஷன் மனைவி பக்கம் திரும்பினான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "ஊர்ல இருக்கிற சட்டையில எல்லாம் நூல் பார்ப்ப. பெத்த பிள்ளை கால்ல பார்க்கல" என்றான்.

பொத்திய கையை அவள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விரல் நுனி கறுத்தது. ஒரு வாரம் என்றது பத்து நாளாயிற்று. கட்டுப் பிரிக்கிற ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். அடிப்பாகம் மெல்லச் சிவந்து உயிர் பிடித்தது. நுனி பிடிக்கவில்லை. பதினோராம் நாள், நகத்தோடு சேர்ந்து மேல்கணு காய்ந்த மொட்டு மாதிரி கட்டுத்துணியோடு வந்துவிட்டது. மற்றது தப்பியது. இரண்டாவது முடியையும் அன்றைக்கே எடுத்ததால்தான் பாதியாவது நின்றது என்று டாக்டரம்மா சொன்னாள். அதைக் கேட்க அப்போது அங்கே புருஷன் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் ஒரு பழைய பேப்பரைத் தரையில் விரித்து, அதன்மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் கத்தரியை நாத்தனாரிடம் நீட்டினாள். "கழுத்தோட வெட்டிடுங்க அண்ணி."

நாத்தனார் மறுக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவள் தொப்பியைத் தொட்டிருக்கவில்லை. இருந்த பின்னலை அவிழ்த்து, சீவி, கொத்தாகப் பிடித்தாள். முதல் வெட்டு விழுந்தது. சீப்பை வைக்க மேஜைப் பக்கம் திரும்பியவள் அங்கே விரித்து வைத்திருந்த பஞ்சுத்துணியைப் பார்த்தாள். அது அங்கே தற்செயலாக இருக்கவில்லை. குனிந்து பார்த்தாள். கண்ணாடிக் கடையில் கூர்மையாகப் பழகிய கண். தன் கை போட்ட முடிச்சு தனக்குத் தெரியாதா?

கத்தரியை மேஜையில் வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரிலயே."

"தம்பிகிட்ட..."

"சொல்லல."

"ஏன் சொல்லல? நான் அப்படிப் பேசினப்பகூட வாயைத் திறக்கலயே நீ."

தாய் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "அடுத்த மாசம் நான் வேலைக்குப் போகணும். பாப்பாவைப் பார்த்துக்க உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல. உங்களுக்கும் இந்த வீட்டை விட்டா இடம் இல்ல. சொன்னா ரெண்டும் போயிடும்."

"என்னைத் திட்டிடுடி. ஒரு அடி வேணும்னாலும் அடிச்சிடு."

"அடிச்சா உங்களுக்குப் பாரம் இறங்கிடும்" என்றாள் இவள். "வெட்டுங்க. பாப்பா எழுந்துடுவா."

வெட்டினாள். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, பேனுக்காக வெட்டிவிட்ட பிள்ளைத்தலை மாதிரி இருந்தது. முடி பேப்பரில் குவியலாக, கறுகறுவென்று கிடந்தது. இரண்டு தொப்பிக்குப் போதும். தாய் எழுந்து கழுத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தலை காற்றுமாதிரி லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்கு வேண்டியிருந்த நேரத்தில் கிடைக்கவில்லை.

"எடுத்துக்குங்க அண்ணி. கீழதான் விழுந்திருக்கு."

நாத்தனார் பேப்பரின் நாலு மூலையையும் சேர்த்துச் சுருட்டினாள். அலமாரியிலிருந்து பாதி நிறைந்த தொப்பியை எடுத்து அதற்குள் திணித்தாள். ஊசியையும் போட்டாள். ஒரு இழைகூட வெளியே நீட்டாதபடி கட்டி, மாடிப்படி இறங்கிப் போய்த் தெருக்குப்பையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள்.

சாயங்காலம் புருஷன் வந்தான். மனைவியின் தலையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றான். மனைவி பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அடுப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொதிக்காத தண்ணீரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் தாய் கம்பெனிக்குப் போனாள். கழுகு வந்துவிட்டதென்று சேர்ந்து வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள், குட்டைமுடி நன்றாக இருக்கிறதென்றார்கள். சட்டைகள் மலை மாதிரி வந்தன. ஒன்றுவிடாமல் திருப்பினாள்.

அந்தக் குளிர்காலம் முடிகிறவரை அந்த வீட்டில் யாரும் பிள்ளைக்குச் சாக்ஸ் போடவில்லை. தாய் வேலைக்குப் போன பிறகு நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளையின் இரண்டு பாதங்களையும் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் தாய் திரும்பி வருவாள். பையை இறக்கி, கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளையை மடியில் வாங்கி, காலைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு விரலாக இடுக்கு விடாமல் விரித்துப் பார்ப்பாள். அந்தக் குட்டை விரலைக் கடைசியாக.

அதுவரை நாத்தனார் எழுந்து போகமாட்டாள். சோதனை முடியும்வரை, கையை மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.